நாட்டுப்படகு மீனவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. சந்தா பாக்கி வழக்கம்போல் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மண்ணெண்ணெய் மானியம், கரை விளக்கு இரண்டுக்கும் மனு கொடுத்திருக்கிறோம். இந்த ஆண்டு நம்மை அதிகம் பேச வைத்தது எக்கோ விஷயம்தான், அதாவது ஒலியைக் கடலுக்குள் இறக்கி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி, என்பதால், அதையே விரிவாகச் சொல்கிறேன்.

சங்கக் கடனில், அடித்தரையின் வரைபடம் போடும் சிறிய எக்கோ செட் வாங்குவதென்று சென்ற பொதுக்குழு முடிவெடுத்து, தேர்வு செய்ய ஒரு குழுவையும் போட்டது. நம் ஃபைபர் வள்ளங்கள் துறைமுகத்தில் கட்டிக் கிடப்பவை அல்ல. அலையில் ஏறி மணலில் இழுத்து வைக்கிறோம். வள்ளத்தின் பின்பக்கத்தில் திருகி வைத்த டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும் முனை) ஒரு சீசன் தாங்காது. ஆகவே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும் செட்தான் நமக்கு ஆகும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நூலில் கட்டி எறிந்து போனில் படம் பார்க்கும் பந்து வகையை இளைஞர்கள் கேட்டார்கள். குளத்துக்கும் காயலுக்கும் அது நல்ல சாமான். நீவாடு என்னும் நீரோட்டம் இழுக்கும் கடலில், உப்புக் கையோடு, உச்சி வெயிலில் போன் திரையை யார் பார்ப்பது? குழு அதைத் தள்ளிவிட்டது.

அடுத்தது ஆழம். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது நல்ல தண்ணீருக்கான கணக்கு. கடல்நீர் ஒலியைத் தின்னும். அதிர்வெண் கூடக்கூட அதிகமாகத் தின்னும். கார்மின் கம்பெனியின் ஸ்ட்ரைக்கர் 4 என்ற செட் நல்ல தண்ணீரில் 1,600 அடி பார்க்கும், உப்புநீரில் 750 அடி என்று கம்பெனியே சொல்கிறது. ஒரு பாகம் ஆறு அடி; 750 அடி என்றால் 125 பாகம். நம் தூண்டில் தொழிலுக்கு அது தாராளம். ஆனால் அந்த மாடல் இடத்தைக் குறித்து வைக்குமே தவிர, அடித்தரையை வரையாது. ஸ்ட்ரைக்கர் பிளஸ் வரிசையில் குவிக்டிரா என்ற வசதி உண்டு. வள்ளம் போகப்போக ஆழக் கோடுகளைத் தானே போட்டுக்கொள்ளும். பெயரில் ஒரு சொல் கூடினால் விலையும் கூடும், பயனும் கூடும். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றால் நம்பாதீர்கள்.

200 கிலோஹெர்ட்ஸில் ஒலி சுமார் 20 பாகைக் கூம்பாக இறங்கும். 30 பாகம் ஆழத்தில் அது பார்க்கும் வட்டம் ஏறக்குறைய 10 பாகம் அகலம். பார், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டு, அதன் ஓரத்தைத் துல்லியமாகக் காட்டும், பக்கத்தில் கிடக்கும் பாரை விட்டுவிடும். திரையில் மீன் பொம்மை காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். காற்றுப்பை உள்ள மீன்தான் பளிச்சென்று தெரியும். சுறாவுக்குக் காற்றுப்பையே கிடையாது.

ரப்பர் கப் வைத்து ஒட்டும் டிரான்ஸ்டியூசர் ஓட்டத்தில் கழன்றுவிடுகிறது. பக்கவாட்டில் கிளாம்ப் போட்டு, துருப்பிடிக்காத எஸ்.எஸ். குழாயில், எஞ்சின் நுரை படாத தூரத்தில் இறக்குவதே சரி. 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி சிறிய செட்டுக்கு ஓர் இரவைத் தாண்டும். லித்தியம் பேட்டரி என்றால் எடை பாதிக்கும் கீழே. செட்டின் நீர்காப்புக் குறியான ஐ.பி.எக்ஸ். 7 என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று மட்டுமே பொருள். பிளக்கில் உப்பு ஏறுவதற்கு அது பொறுப்பல்ல.

இனி, குழுவில் குரல் உயர்ந்த இடம். கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் ஒத்துப் பார்த்து அப்பன் கண்டுபிடித்த பாரை மகனுக்கு மட்டும் சொல்லும் வழக்கம் நம்முடையது. சங்கப் பணத்தில் வாங்கிய செட்டில் பதிந்த படம் யாருக்குச் சொந்தம்? பொதுப் பணம், பொதுப் படம் என்றார்கள் சிலர். தேடிப் போக எரித்த எண்ணெய் யாருடையது என்று திருப்பிக் கேட்டார்கள் மூத்தவர்கள். கடனை மாதத் தவணையில் அடைப்பவர் உறுப்பினர்தான் என்பதால், நானும் மூத்தவர்கள் பக்கமே நின்றேன். வரைந்த படத்தைக் கம்பெனியின் பொதுத் தளத்தில் ஏற்றவும் சில மாடல்களில் வழி இருக்கிறது. ஏற்றினால் நம் பார் ஊர் உலகத்துக்கே தெரிந்துவிடும்.

ஆகவே குழுவின் பரிந்துரை: மீன் பார் அவரவருக்கு. வலை கிழிக்கும் பாறை, மூழ்கிய கப்பல், செயற்கைப் பார் ஆகியவற்றின் புள்ளிகள் மட்டும் சங்க நோட்டில் கட்டாயம் எழுதப்பட வேண்டும். இந்தப் படம் கடல் வழிக்கான சார்ட் அல்ல. எக்கோ செட் ஆபத்தில் செய்தியும் அனுப்பாது. 2017 ஒக்கிப் புயலைக் கண்ட கரையில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வயர்லெஸ் செட் இல்லாதவருக்கு எக்கோ கடன் கிடையாது என்ற நிபந்தனையையும் சேர்த்திருக்கிறோம்.

தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. பழைய கடன் பாக்கி உள்ளவர்கள் வாக்களிக்கலாம், விண்ணப்பிக்க முடியாது.

இப்படிக்கு,
செயலாளர்