ரிவெட் அடித்த சங்கிலிக் கவசம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவு எல்லோருக்கும் நினைவிருக்கும். இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்யும் இந்தக் கவசத்தில், வளையத்தின் இரு முனைகளையும் நெருக்கி மூடும் எளிய முறையை விட்டுவிட்டு, ரிவெட் (முனைகளின் துளையில் செருகி அமுக்கும் சிறு ஆணி) அடித்து மூடும் பழைய முறைக்குப் போவது என்றும், அதற்கான கருவிகளை நாமே செய்துகொள்வது என்றும் தீர்மானித்தோம். நெருக்கி மூடிய வளையம் பலமாக இழுத்தால் வாய் பிளந்துவிடும். ரிவெட் அடித்தது அப்படித் திறக்காது. முகலாயர், தக்காண சுல்தான்கள் காலத்துக் கவசங்கள் பலவற்றில் ஒரு வரிசை முழு வளையம் (இணைப்பே இல்லாதது), அடுத்த வரிசை ரிவெட் வளையம் என்று மாறி மாறி வரும். நாமும் அதையே எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு வளையமும் அண்டை வரிசைகளின் நான்கு வளையங்களைக் கோத்துப் பிடிக்கும். அதனால் பாதி வளையங்களுக்கு ரிவெட் அடித்தால் போதும்.

ஆண்டின் பெரும்பகுதி கருவிகளுக்கே போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. இந்த வேலையில் பாதிக்குமேல் கருவியில்தான் இருக்கிறது.

கம்பி சுற்றுவது சுலபம். மரச்சட்டத்தில் 10 மி.மீ. தண்டு, அதற்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். 1.6 மி.மீ. கட்டுக்கம்பியைச் சுருளாகச் சுற்றி, கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கினோம். அப்புறம் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டும். இதற்கு இரும்புக் கட்டையில் மேலே 14, கீழே 11 மி.மீ. வருமாறு கூம்பு வடிவத் துளை ஒன்றை லேத்தில் கடைந்து வாங்கினோம். வளையத்தை அதில் வைத்துத் தட்டி இறக்கினால் உள்விட்டம் 8 மி.மீ. ஆகச் சுருங்கி, முனைகள் ஏறக்குறைய 6 மி.மீ. நீளத்துக்கு மேலேறிவிடும். பிறகு சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு, அந்த இடத்தை மட்டும் சுத்தியலால் தட்டையாக்கினோம்.

தட்டையாக்கிய இடத்தில் ரிவெட்டுக்குத் துளை போடுவதில்தான் தடுமாறினோம். முதலில் டிரில் பயன்படுத்தினோம். மெல்லிய பிட்டுகள் ஒடிந்தன. துளைத்த இடத்தில் இரும்பு குறைந்து வளையமும் பலவீனமானது. பழைய கொல்லர்கள் துளைத்ததில்லை, குத்தித்தான் விலக்கியிருக்கிறார்கள். உளி முனையால் குத்தும்போது இரும்பு வெளியே போகாமல் பக்கவாட்டில் ஒதுங்குகிறது. பழைய அரத்தைத் தேய்த்துக் குத்தூசி செய்தோம். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தபின் முனை கண்ணாடி மாதிரி நொறுங்கியது. திரும்ப மெல்லச் சூடாக்கி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தியபின்தான் நின்று பிடித்தது. அந்த ஒன்றை இன்னும் பயன்படுத்துகிறோம்.

அடுத்தது ரிவெட் இடுக்கி. ஒரு கனமான பிளேயரின் ஒரு தாடையில் சிறிய குழி போட்டு, கைப்பிடிகளில் இரும்புக் குழாய் மாட்டி நீளமாக்கினோம். முதல் இடுக்கியில் ரிவெட் எல்லாமே சாய்ந்தது. பிளேயர் முழுதும் மூடினால்தான் அதன் தாடைகள் இணையாக நிற்கும், நடுவில் வளையம் இருந்தால் கோணலாகிவிடும் என்பது புரிய இரண்டு வாரம் ஆனது. தட்டையாக்கிய வளையத்தின் கனத்துக்கு ஒரு தகட்டை வைத்து, அந்த நிலையில் தாடைகள் இணையாகும்படி அரத்தால் ராவினோம். குழியையும் அதன்பிறகே போட்டோம். இப்போது ரிவெட் தலை உருண்டையாக, நேராக எழுகிறது. அந்த முதல் தலையைப் பார்த்த மாலை நாங்கள் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை.

ரிவெட்டுக்கு அதே கம்பியைத் தட்டையாக்கி, ஆப்பு வடிவில் சாய்வாக நறுக்குகிறோம். உள்பக்கத்திலிருந்து செருகி, வெளிப்பக்கம் தலை வருமாறு அமுக்குவதே சரி. உடலோடு படும் பக்கம் வழுவழுப்பாக இருக்கும்.

முழு வளையங்களைத் தகட்டிலிருந்து கை பிரஸ்ஸில் குத்தி எடுக்கிறோம். முதலில் உள்துளை, அப்புறம் வெளிவட்டம். பிரஸ் தந்து உதவிய பக்கத்துப் பட்டறை அண்ணனுக்குச் சங்கத்தின் நன்றி.

ஒரு விபத்தையும் பதிவு செய்யவேண்டும். துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பியைத் தெரியாமல் அடுப்பில் காய்ச்சியதில், புகை ஏறி ஓர் உறுப்பினர் இரவு முழுதும் குளிர்க்காய்ச்சலில் கிடந்தார். மறுநாள் தேறிவிட்டார். இனி ஜிஐ கம்பி பட்டறைக்குள் வரக்கூடாது. காய்ச்சும் வேலை திறந்தவெளியில்தான் நடக்கும். குத்தும்போதும் நறுக்கும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இதில் விதிவிலக்கு கேட்க வேண்டாம்.

இதுவரை 15 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று முடிந்திருக்கிறது. சுமார் 320 வளையங்கள், அதில் பாதி ரிவெட். முழுச் சட்டைக்கு 20,000 அளவில் தேவைப்படும். அதனால் வரும் ஆண்டு சட்டையைத் தொடங்காமல், தோளும் கழுத்தும் மறைக்கும் பட்டையை மட்டும் செய்யலாம் என்று செயற்குழு கருதுகிறது. இரண்டாவது இடுக்கி, இன்னும் இரண்டு குத்தூசி, இவற்றுக்கு முன்னுரிமை தரவேண்டும். ஒரே இடுக்கிக்கு ஐந்து பேர் காத்திருப்பது வேலையைத் தடுக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். துண்டையும் கருவிகளையும் மேசையில் வைத்திருக்கிறேன். எடுத்து இழுத்துப் பாருங்கள். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்