தூக்க மாத்திரையும் மன உறுதியும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் நலவாழ்வுப் பக்கத்தில், 'தூக்க மாத்திரையை விட முடியாதவர்களிடம் இல்லாதது மன உறுதி ஒன்றுதான். இன்றைக்கே தூக்கி எறியுங்கள்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. அச்சுக்குப் போகும்முன் தாங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

தாங்கள் அறியாதது அல்ல, இது 1931-லேயே ஆய்வுக்கூடத்தில் தெரிந்துபோன விஷயம். சீவர்ஸ், டேட்டம் என்ற இருவர் நாய்களுக்குத் தினமும் பார்பிட்டால் என்ற பழைய தூக்க மருந்தைக் கொடுத்துவந்து, பிறகு நிறுத்திப் பார்த்தார்கள். நாய்களுக்கு வலிப்பு வந்தது. அந்த நாய்களிடம் எந்த மன உறுதி குறைந்துபோயிற்று? மருந்து தொடர்ந்து உள்ளே போனால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளுக்குச் செவிசாய்க்கும் நரம்பணு ஏற்பிகள் மந்தமாகின்றன, கிளர்ச்சியூட்டும் பக்கம் கை ஓங்குகிறது. அந்த நிலையில் மருந்தைச் சட்டென்று எடுப்பது, இறக்கத்தில் ஓடும் வண்டியின் பிரேக்கைக் கழற்றுவது போலத்தான்.

1982-இல் பபூன் குரங்குகளுக்கு ஏழே நாள் டயசெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன் வேலையைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியதும் மருந்து நின்றால் வரும் தொல்லைகள், அதாவது விலகல் அறிகுறிகள், வந்தன. மனிதர்கள் கதை வேறு என்பீர்களா? 1961-இல் ஹாலிஸ்டர் என்ற மருத்துவர், அதே வகையைச் சேர்ந்த குளோர்டயசெபாக்சைடு மருந்தை அதிக அளவில் எடுத்துவந்த 11 நோயாளிகளுக்கு அதைத் திடீரென நிறுத்தினார். 10 பேருக்குத் தொல்லை, இருவருக்கு வலிப்பு. அந்த வலிப்பும் நிறுத்திய மறுநாளே வரவில்லை, ஏழெட்டு நாள் கழித்து வந்தது.

இந்தக் கடைசி விவரம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அப்பா போன பிறகு அம்மாவுக்கு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். அம்மா ஒரு நாளும் அளவைத் தாண்டியவர் இல்லை. இதே மாதிரி ஏதோ ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு வந்த சித்தப்பா, அட்டையோடு பிடுங்கிக் குப்பையில் போட்டார். முதல் சில நாள் தூக்கமின்மை மட்டும்தான். 'பார், ஒன்றும் ஆகவில்லை' என்றார். அப்புறம்தான் ஆரம்பித்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் தண்ணீர் சேலையில் சிந்தியது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று துண்டைக் கட்டிக்கொண்டார். மின்விசிறிச் சத்தத்தைக்கூடத் தாங்க முடியவில்லை. பிறகு வலிப்பு. மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று மட்டும் நெடுநேரம் யாரும் கேட்கவில்லை. பிழைத்து வந்தவரிடம் சொந்தக்காரர்கள் சொன்னது, 'கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கணும்'. அதே வார்த்தையைத்தான் தங்கள் இதழும் இப்போது அச்சடித்திருக்கிறது.

இது முதல்முறையும் அல்ல. தங்கள் கேள்வி பதில் பகுதியில் முன்பு ஒரு வாசகி இதையே கேட்டபோது, 'தியானம் செய்யுங்கள்' என்று ஒற்றை வரியில் முடித்தீர்கள். அப்போது நான் எழுதிய கடிதத்தில் மருந்து பற்றிய பகுதியை வெட்டிவிட்டு, பாராட்டிய வரியை மட்டும் போட்டீர்கள். கட்டுரைக்குப் படம் போடும்போதெல்லாம் கை நிறைய மாத்திரையோடு அழுகிற ஒரு பெண். அளந்து ஒன்று மட்டும் போட்டுக்கொண்ட என் அம்மாவை அந்தப் படத்தில் எங்கே தேடுவது?

இன்னொன்று. அந்த நாய்களும் குரங்குகளும் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. அப்படிக் கிடைத்த அறிவையும் படிக்காமல் ஒதுக்கிவிட்டு, நோயாளியின் குணத்தைக் குறை சொல்வது பெரிய அநியாயம்.

நான் கேட்பது சிறியது. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இவ்வளவு போடுங்கள்: 'தொடர்ந்து எடுத்துவரும் தூக்க மாத்திரையையோ பதற்றத்துக்கான மாத்திரையையோ திடீரென நிறுத்தாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.' இடம் போதாது என்றால் என் கடிதத்தைப் போட வேண்டாம், இதை மட்டும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி