கத்திக்கு அடங்காத நெஞ்சுக்கறி: கோழியின ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கோழியினத்தை ஆராயும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

வணக்கம். பல வருடமாகக் கறிக்கடை வைத்திருக்கிறேன். பிராய்லர் நெஞ்சை போன்லெஸ்ஸுக்குப் பிரிக்கும்போது சில நாளில் ஒரு துண்டு கட்டை மாதிரி வரும். வெளிறியிருக்கும், அமுக்கினால் அமுங்காது. இன்னொன்றில் நார் ஓடும் வாக்கில் வெள்ளைக் கோடுகள். சிலது இடியாப்பம் போல உதிரும். வாங்க வந்தவர் பார்த்துவிட்டால் ஒரே தீர்ப்புதான்: 'ஊசி போட்டு வளர்த்த கோழி.'

எத்தனை நாள்தான் 'இல்லைங்க' என்று மட்டும் சொல்வது? மகளை உட்கார வைத்துத் தேடிப் படித்தேன். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 காலத்துக் கோழி வகைகளை ஒன்றாக, ஒரே தீவனத்தில் வளர்த்திருக்கிறார்கள். 56ஆம் நாளில் எடை 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம்! ஊசி அல்ல, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனவிருத்தி.

அந்த வேகத்துக்கு ரத்த ஓட்டம் ஈடுகொடுக்கவில்லை என்கிறார்கள். நார் தடித்துக்கொண்டே போகிறது, பிராணவாயு போதவில்லை, நார் செத்து அந்த இடத்தில் தழும்பும் கொழுப்பும் சேர்கிறது. பின்லாந்துக்காரர்கள் 2014இல் இதை விவரித்தார்கள். அமெரிக்காவின் டெலவேரில் பார்த்தால் முதல் வாரக் குஞ்சிலேயே சிரைகளில் அழற்சி. என் கத்திக்குத் தெரிவது கடைசிக் கட்டம்தான்.

அப்புறம் ஒரு குழப்பம். கட்டை நெஞ்சில் பரம்பரையின் பங்கு பத்தில் ஒன்றுக்கு மேல் இல்லை என்று 2015இல் ஒரு கட்டுரை. எழுதியவர்களில் இனவிருத்தி நிறுவனத்தாரும் உண்டு. அவர்கள் பார்த்தது எல்லாமே வேகமாக வளரும் கோழி. அவற்றுக்குள்ளேயே ஒப்பிட்டால் வேறென்ன தெரியும்? நாட்டுக்கோழியில் இதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தீவனத்தைக் குறைத்தால் கோளாறு குறைகிறதாம், எடையும் குறையும். கிலோ கணக்கில் கூலி வாங்கும் பண்ணைக்காரர் அதற்கு எப்படிச் சம்மதிப்பார்?

நான் படித்ததெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுப் பெருங்கோழிகளைப் பற்றியது. இங்கே ரெண்டு கிலோ சுற்றி, உயிரோடு விற்கிறோம். சித்திரை வெயில் வேறு. நம் கோழிக்கு, நம் எடையில், எத்தனைக்கு எத்தனை வருகிறது, எதனால் கூடுகிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இங்கே நெஞ்சைத் திறந்து பார்க்கிற முதல் இடம் பெரும்பாலும் கறிக்கடைதான். அங்கேயே வந்து எண்ணுங்கள். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, மெல்லத்தான் கடினம் என்கிறார்கள். அதையும் ஒரு பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பேன்.

காலை ஆறு மணிக்குக் கடை திறந்துவிடுவேன். ஞாயிறு மட்டும் வேண்டாம், கூட்டத்தில் நின்று பேச முடியாது.

இப்படிக்கு,
ஒரு கறிக்கடைக்காரர்