காணாமல் போன விமானமும் நீ அனுப்பிய பெருக்கியும்

திருச்சி,
பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ராஜுவுக்கு,

இங்கு அனைவரும் நலம். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தங்கச்சிக்குப் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டதாகச் சின்னவன் சொன்னான், மகிழ்ச்சி. என் முழங்காலைப் பற்றி விசாரிக்காதே.

மார்கழியில் நடந்த அந்த இரவுக்குப் பின் நான் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. சிங்கப்பூரிலிருந்து உன் மகள் வந்த விமானத்தை, மாடி ஆன்டெனாவில் விமானங்களின் சிக்னலைப் பிடித்து அவை இருக்கும் இடத்தைக் காட்டும் என் திரையில் பார்த்தபடியே, "இதோ வேதாரண்யம் தாண்டிவிட்டாள், இதோ பட்டுக்கோட்டை" என்று கிரிக்கெட் வர்ணனையாளனைப் போலத் தொலைபேசியில் அளந்துகொண்டிருந்த நான், விமான நிலையத்தை நெருங்கும் நேரத்தில் அந்தச் சின்னம் சட்டென்று மறைந்துபோகவே, "காணவில்லையே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவளே தரையிறங்கி உன்னை அழைக்கும்வரை ஓடிய இருபது நிமிடங்களை உன் வீடு எப்படிக் கடந்தது என்பதை நீ இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. தங்கச்சி அழுத குரல் மட்டும் என் காதில் இருக்கிறது. மறுநாள் காலையில் நான் செய்த முதல் காரியம், நீ தீபாவளிக்கு அனுப்பிய சிக்னல் பெருக்கியைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டியதுதான். அதன் மேல் நான் போட்ட பழி அநியாயமானது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஆன்டெனாவில் குறையில்லை. விமானங்கள் தம் இருப்பிடத்தைச் சொல்லும் 1090 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் ஏறக்குறைய 69 மில்லிமீட்டர். அந்த அளவில் வீட்டு ஒயரிங் செம்புக் கம்பி ஒன்றை நிமிர்த்தி, அதே நீளத்தில் நான்கு கம்பிகளைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பற்றவைத்தது இன்றும் ஒழுங்காக நிற்கிறது. எட்டுத் துண்டுக் கேபிளை மாலை கோத்து ஆன்டெனாவாகத் தொங்கவிட்டிருக்கும் நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள், உன் மாலையில் ஒரு துண்டு பிசகினால் மொத்தமும் பிசகிவிடும். என் கோளாறு கம்பத்துக்குக் கீழே இருந்தது. மாடியிலிருந்து கூடத்துக்கு 22 மீட்டர் மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிளை இறக்கியிருந்தேன். அந்த அலைவரிசையில் அது மீட்டருக்கு அரை டெசிபலுக்கு மேல் விழுங்கிவிடுகிறது. மேலே இருபது பங்கு சிக்னல் கிடைத்தால் கீழே வந்து சேர்வது ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கை வாங்கித்தான், நீ அனுப்பிய பெருக்கியை நான் கூடத்து மேசையில் வைத்துப் பெருக்கினேன். கலங்கிய தண்ணீரை மோட்டார் போட்டுத் தொட்டிக்கு ஏற்றினால் தெளிந்துவிடுமா? சிக்னல் எவ்வளவு பெருகியதோ, இரைச்சலும் அவ்வளவு பெருகியது. பெருக்கியை ஆன்டெனாவின் காலடியிலேயே வைக்கவேண்டும் என்று நீ பெட்டிக்குள் எழுதிவைத்திருந்த சீட்டை நான் படித்தது கார்த்திகையில்.

அதே கார்த்திகையில்தான் ஐந்து நாள் மழைக்குப் பின் திரையில் விமானங்கள் பாதியாகக் குறைந்தன. மேல்முனையில் கேபிளை ஒரு சாண் நீளம் அறுத்துப் பார்த்தேன். கருப்புத் தோலைக் கீறியவுடன் இரண்டு சொட்டுத் தண்ணீர் உள்ளங்கையில் விழுந்தது. உள்ளே பின்னல் கம்பி முழுவதும் பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடியில் இருக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு. இணைப்பைச் சுற்றியிருந்த சாதாரண டேப் வெயிலில் சுருங்கி வாய் பிளந்திருந்தது. எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, டிவி கேபிள்காரரிடம் ஆர்.ஜி. 6 வாங்கினேன். அது 75 ஓம் கேபிள், ரிசீவருக்கு வேண்டியது 50 அல்லவா என்று நீ புருவம் உயர்த்துவாய். அந்தப் பொருத்தமின்மையால் போவது மிகச் சொற்பம், இந்தக் கேபிள் குறைவாக விழுங்குவதால் மிஞ்சுவதோ ஏராளம். இணைப்புகளை நம் பழைய முறைப்படி சைக்கிள் ட்யூப் ரப்பரை இழுத்துச் சுற்றி மூடினேன். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு தொங்கல் விட்டேன், வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடட்டும் என்று. பெருக்கியையும் மேலே ஏற்றி, அதற்கான மின்சாரத்தை, சிக்னலைப் படிக்கும் கூடத்து ரிசீவரிலிருந்து அதே கேபிள் வழியாகக் கொடுத்தேன்.

அன்றிரவு திரிகோணமலைக்கும் அப்பால், கடல் மேல் 410 கிலோமீட்டர் தொலைவில் பறந்த விமானம் ஒன்று திரையில் வந்தது. பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பது என் மாடிக்குத் தெரியவேண்டிய எல்லை, பூமியின் வளைவைக் கணக்கிட்டால், சுமார் 440 கிலோமீட்டர். மேற்கே மலைத் தொடர் கொஞ்சம் வெட்டிவிடுகிறது, தென்கிழக்கே தடையில்லை. அன்று தென்னை மரத்தில் கம்பி கட்டி இலங்கை வானொலி கேட்டவர்களில் ஒருவன் இன்று இலங்கையின் மறுகரை வரை பார்க்கிறான் என்ற தலைக்கனத்தில்தான், உன் மகள் வந்த அன்று உன்னை நானே அழைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் வந்த விமானம் மறைந்தது தொலைவால் அன்று, அருகாமையால். ரிசீவரின் கெயினை, அதாவது அது சிக்னலைப் பெருக்கும் அளவை, மிக உயர்ந்த படியான 49.6 டெசிபலில் வைத்திருந்தேன். அதற்கு மேல் உன் பெருக்கி. இரண்டுக்கும் மேல், அடுத்த தெரு மொபைல் கோபுரம் 900 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து ஓயாமல் கொட்டும் சக்தி. தலைக்கு மேல் வரும் விமானத்தின் குரல் அவ்வளவு பலமாக நுழையும்போது ரிசீவர் திக்குமுக்காடி, அதன் செய்தியைப் படிக்கவே முடியாமல் போய்விடுகிறது. காதருகில் வந்து கத்துகிறவனின் சொல் விளங்காததைப் போலத்தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று, வெட்கத்தோடு சொல்கிறேன். கிட்டத்தில் வரும் விமானங்கள் மட்டும் விட்டுவிட்டு மறைவதைச் சின்னவன்தான் ஒரு மாலை கவனித்துச் சொன்னான். நான் அதுவரை தொலைவையே அளந்துகொண்டிருந்தேன்.

பீரோவைத் திறந்தேன். கோபுரத்தின் அலைகளை உள்ளே விடாத ஃபில்டர் ஒன்றை வாங்கிப் பெருக்கிக்கு முன்னால் வைத்தேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் இரவு பத்திலிருந்து பதினொன்று வரை, கெயினை ஒவ்வொரு படியாக இறக்கி, வந்த செய்திகள் எத்தனை, மிகையான பலத்தோடு வந்தவை எத்தனை என்று நோட்டில் எழுதினேன். ஒரே நேரத்தில் எண்ணாவிட்டால் போக்குவரத்து கூடுவதும் குறைவதும் நம்மை ஏமாற்றிவிடும். 36.4-க்கு இறங்கியபோது தொலைவில் ஒன்றும் குறையவில்லை. தரையிறங்கும் விமானங்களோ ஓடுபாதையைத் தொடும்வரை தெரிகின்றன. ஆகக் குற்றவாளி உன் பெருக்கி அன்று. எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால்தான் நன்றாக இருக்கும் என்று நினைக்கும் இந்தக் கிழவன். எப்போதும் இப்படித்தானே என்று தங்கச்சி சொல்வாள்; சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. சித்திரைக் கோடை இடி வரப்போகிறது. உன் மாடியிலிருக்கும் இரும்புக் கம்பத்துக்கு எர்த் போட்டாயா? போன முறை நான் வந்தபோது அது வெறும் கம்பியால் கட்டப்பட்டு நின்றது. இடி முழங்கும்போது கேபிளைக் கழற்ற மாடிக்கு ஓடாதே. மேகம் திரண்டதும் கீழ்முனையைப் பிரித்து வைத்துவிடு. கம்பத்திலிருந்து தடித்த செம்புக் கம்பியை வளைவில்லாமல் நேராகத் தரைக்கு இறக்கச் சொல். ஆளை நீயே வைத்து இந்த வாரத்துக்குள் முடி, மருமகனை எதிர்பார்க்காதே.

மகள் சித்திரை விடுமுறைக்கு மறுபடியும் வருகிறாளாமே. அன்று திரையைப் பார்ப்பேன், மறுக்கவில்லை. ஆனால் அவள் வெளியே வந்து உன்னை அழைத்ததாக நீ சொல்லும்வரை நான் தொலைபேசியைத் தொடமாட்டேன், தங்கச்சியிடம் இதைச் சொல். வரும்போது கேபிள் முனையில் இணைப்பை நெருக்கிப் பொருத்தும் உன் கிரிம்பிங் கருவியை அவளிடம் கொடுத்து அனுப்பு. என்னுடையதின் பல் தேய்ந்துவிட்டது.

உன்,
கோபாலன்