ஹேசலை விரட்டியவர்களுக்கு

அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் ஆடும் தீவுப் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். மிருகங்களை அக்கம்பக்கத்தாராகக் குடிவைத்து ஒரு தீவை ஊராக்கும் இந்த நின்டெண்டோ வீடியோ விளையாட்டு 2020 மார்ச்சில் வந்தபோது, ஆளில்லாத தீவில் நம்மோடு விமானத்திலிருந்து இறங்கியது இரண்டே பேர். என் தீவுக்கு வந்தவர்களில் ஒருத்தி ஹேசல் என்ற அணில். இரண்டு புருவமும் நடுவில் கூடி ஒரே கோடாக இருக்கும். அவள் கூடாரத்துக்கு இடம் பார்த்துக் கொடுத்ததே நான்தான்.

சில வாரங்களிலேயே எல்லோருக்கும் ரேமண்ட் வேண்டியதாகிவிட்டது. கண்ணாடி போட்ட பூனை. ஒரு கண் பச்சை, இன்னொன்று பழுப்பு. கன்சோலில் காட்டினால் அந்த ஆளைத் தீவுக்கு அழைக்க உதவும் அமீபோ அட்டை அவனுக்கு 2021 நவம்பரில்தான் வந்தது. அதுவரை அவனை இன்னொருவர் தீவிலிருந்து கைமாற்ற, 'பெல்' என்ற விளையாட்டுக் காசை மூட்டை மூட்டையாகக் கொட்டினோம். தீவில் பத்துப் பேருக்குத்தான் இடம். ஒருவன் வர வேண்டுமானால் ஒருத்தி போக வேண்டும்.

இருப்பவரை விரட்ட அப்போது ஆரம்பித்தது அந்தக் கூத்து. பூச்சி வலையால் மண்டையில் போடு, சுற்றிக் குழி வெட்டி அடைத்து வை, தீவு அலுவலகத்தில் இருக்கும் இசபெல்லிடம் புகார் கொடு. புகாரை அவள் பொறுப்பாகக் கேட்டுக்கொள்வாள். பிறகு அந்த ஆளின் உடையையும் பேச்சுவழக்கையும் பழையபடி மாற்றி வைப்பாள், அவ்வளவுதான். மனு வாங்கும் ஆபீஸ் எங்கே போனாலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இந்த விளையாட்டின் முதல் பதிப்பு 2001இல் ஜப்பானில் நின்டெண்டோ 64க்கு வந்தது. அதற்கு வித்திட்ட கட்சுயா எகுச்சி, சிபாவிலிருந்து வேலைக்காகக் கியோட்டோவுக்குப் போனவர். வீட்டாரும் நண்பர்களும் பக்கத்தில் இல்லாத வெறுமைதான் இதற்கு விதை என்று அவரே சொல்லியிருக்கிறார். அக்கம்பக்கத்துக்கு ஏங்கியவர் செய்து கொடுத்த ஊரில், முகம் பிடிக்கவில்லை என்று அக்கம்பக்கத்தையே காலி செய்கிறோம்!

இதற்கு முந்தைய நியூ லீஃப் விளையாட்டில் கொஞ்ச நாள் எட்டிப் பார்க்காமல் இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள். இதில் அப்படியில்லை. தலைக்கு மேல் குமிழியோடு யோசனையாக நடப்பார்கள். கூப்பிட்டுக் கேட்டால், போகலாமா என்று நம்மிடமே கேட்பார்கள். இரு என்றால் இருந்துவிடுவார்கள்.

ஹேசல் கேட்டபோது நான் போ என்றேன். ஆமாம், நானும் உங்களில் ஒருவன்தான். மறுநாள் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் சுவரோரம் எல்லாம் அட்டைப்பெட்டிகள். நடுவில் அவள். கோபம் இல்லை, இதுவரை பழகியதற்கு நன்றி சொன்னாள். எழுதி வைத்த வசனம்தான், தெரியும். இருந்தாலும் கன்சோலை அணைத்துவிட்டேன்.

அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்தக் குமிழி தெரியும்போது 'போ' என்ற பொத்தானை உடனே அமுக்காதீர்கள். முதலில் வந்தவர்கள் வீடு உள்ளே வெறிச்சென்று இருக்கும் என்பதும் காரணமாக வேண்டாம். ஹேப்பி ஹோம் பாரடைஸ் என்ற கூடுதல் பகுதியை வாங்கி வைத்திருந்தால் அதையும் மாற்றிக் கொடுக்கலாம்.

ரேமண்ட் என் தீவில் இப்போது சுகமாக இருக்கிறான். ஆனால் ஹேசலுக்கு நான் ஆங்கில எழுத்தில் 'சரிப்பா' என்று ஒரு சொல் பழக்கியிருந்தேன். அது எப்படியோ பக்கத்து வீட்டுத் தவளைக்கு ஒட்டிக்கொண்டது. இன்னும் அவர் பேச்சுக்குப் பேச்சு 'சரிப்பா' என்கிறார். இசபெல்லிடம் ஒரு புகார் கொடுத்தால் போய்விடும். நான் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு தீவுப் பிரதிநிதி