காலாங் அரங்கை நம் புளோக்குக்குக் கொண்டுவந்த எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும் தொண்டூழியர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கத்தைப் பற்றிய நம் கண்காட்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. கீழ்த்தளத்தில் நாலு மேசை போட்டு, கொஞ்சம் படங்களை வைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தோம். அலமாரியிலும் பெட்டியிலும் இத்தனை காலம் காத்து வைத்திருந்ததை நீங்கள் ஒவ்வொருவராக எடுத்து வந்து தந்தீர்கள். மேசைகள் போதவில்லை. நேரில் சொல்லிவிட்டேன் என்றாலும், எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டிய நன்றி இது.

அம்மா சேர்த்து வைத்திருந்த பழைய சிங்கப்பூர் ஸ்வீப் லாட்டரிச் சீட்டுகளைத் தந்த அக்காவுக்கு முதல் நன்றி. அரங்கம் கட்ட ஏறத்தாழ 50 மில்லியன் வெள்ளி செலவானது. தனிநாடாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த சிங்கப்பூருக்கு அது சின்னத் தொகையா? 1968ல் தொடங்கிய டோட்டோ எண் குலுக்கலும் அடுத்த ஆண்டு வந்த ஸ்வீப்பும் அதற்குப் பணம் திரட்டின. பரிசு விழாத சீட்டின் காசும் அந்தக் கட்டடத்தில்தான் போய்ச் சேர்ந்தது. 1973 ஜூலை 21ல் பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்தபோது, அந்த 55,000 இருக்கைகளில் நம் வீட்டுப் பெரியவர்களின் பங்கும் இருந்தது. இதை என் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைத்தவை அக்காவின் சீட்டுகள்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? அரங்கம் திறந்த அதே ஆண்டு செப்டம்பரில் அங்கே தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி நடந்தது. மகளிர் 200 மீட்டர் ஓட்டத்தில் நம் குளோரி பர்னபாஸும் பர்மிய வீராங்கனையும் ஒன்றாகக் கோட்டைக் கடக்க, நிழற்படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. அறிவிப்பு வரும்வரை கைக்குட்டையைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததை அம்மா சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் "யாருக்குத் தங்கம்?" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினார்கள். குளோரிக்குத்தான்! ஐம்பது வருடம் கழித்து நம் கீழ்த்தளத்தில் மறுபடியும் கைதட்டல்.

காற்பந்து மேசையைப் பார்த்துக்கொண்ட மூன்று அண்ணன்களுக்கும் நன்றி. சமது அல்லாபிச்சை, எஸ். ராஜகோபால், டோல்லா காசிம், குவா கிம் சோங், ஃபாண்டி அகமது என்று படங்களை அடுக்கி வைத்துவிட்டு, வந்தவர்களை நகர விடாமல் கதை சொன்னார்கள். மலேசியக் கிண்ணத்தை நாம் வென்ற 1977, 1980, 1994 இறுதியாட்டங்கள் எதுவும் காலாங்கில் நடக்கவில்லை. முதல் இரண்டும் கோலாலம்பூரில், கடைசியானது ஷா ஆலமில். இருந்தும் அந்தக் கிண்ணங்களைப் பற்றிப் பேசும்போது எல்லாருக்கும் நினைவுக்கு வருவது காலாங்தான். என்னைக் கேட்டால் அதுதான் நியாயம். வெளியூருக்குப் போய் ஆடும் தெம்பை அணிக்குக் கொடுத்தது இங்கே எழுந்த காலாங் ரோர், ரசிகர்களின் அந்த முழக்கம்தான். 1993ல் புருணைக்கு எதிராக சுந்தரமூர்த்தி அந்தரத்தில் சாய்ந்து அடித்த கோலைப் பெரிய அண்ணன் இந்த வயதிலும் நடித்துக் காட்டப் பார்த்தார். தடுத்து நிறுத்திய அண்ணிக்குத் தனி நன்றி.

எட்டாம் மாடி மலாய்க்கார மக்சிக் (அத்தை), 1976ல் முதன்முதலாக அங்கே நடந்த தேசிய தின அணிவகுப்பில் நடந்தவர். சீருடைத் தொப்பியைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்தார். அணிவகுப்பு அந்த அரங்கத்தில் மொத்தம் 18 முறை நடந்திருக்கிறது. 1986ல் போப் இரண்டாம் ஜான் பால் நிறைவேற்றிய திருப்பலிக்குப் போனவர்களும், 1993ல் மைக்கேல் ஜாக்சனைப் பார்க்கப் போனவர்களும் படங்கள் தந்தார்கள். எல்லாருக்கும் நன்றி.

கச்சாங் பூத்தே தாத்தாவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுத வேண்டும். சுட்ட கடலை, வறுத்த பட்டாணி, முறுக்கு எல்லாம் தலையில் சுமந்து விற்ற காலம் முதல் இந்தத் தொழில் பெரும்பாலும் நம் தமிழர்கள் கையில்தான் இருந்தது. ஆட்ட நாளில் அரங்கத்துக்கு வெளியே விற்றவர் தாத்தா. கண்காட்சியிலும் செய்தித்தாளை வாங்கி, ஒரு மூலையைக் கட்டைவிரலில் அழுத்தி, ஒரே சுற்றில் கூம்பாக்கி, அடிநுனியை மடித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். ஒரு கடலைகூடக் கீழே சிந்தவில்லை. ஆட்டம் முடிந்து வெளியே வரும் முகங்களைப் பார்த்தே, உள்ளே என்ன ஆச்சு என்று கேட்காமல் தெரிந்துகொள்வாராம். வரலாற்றுப் புத்தகம் எதிலும் அவர் பெயர் இருக்காது. ஆனால் அரங்கத்துக்குப் போய்வந்தவர்கள் எத்தனையோ பேர் அவர் கையால் வாங்கித் தின்றிருக்கிறார்கள். தாத்தா, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

2007 ஜூன் 30ல் ஆஸ்திரேலியாவுடன் ஆடி 0-3 என்று தோற்ற மாலையில் அரங்கத்துக்கு விடைகொடுத்தோம். 2010ல் இடிக்கத் தொடங்கினார்கள். 2014ல் அதே காலாங்கில் திறக்கக்கூடிய கூரையோடு புதிய அரங்கம் வந்தது. மழைக்குப் பயமில்லை, வசதிக்குக் குறைவில்லை. பழையதில் நனைந்துகொண்டே பார்த்தோம், பலகையில் காலை உதைத்துச் சத்தம் எழுப்பினோம். அந்த இருக்கைப் பலகை ஒன்றைத் தந்த நண்பருக்கும் நன்றி. வெயிலில் வெளுத்த மரம், ஆணி இருந்த ஓட்டைகளைச் சுற்றித் துருக்கறை, பாதி அழிந்த இருக்கை எண். அந்த மேசையை விட்டுக் கூட்டம் கலையவே இல்லை.

படக்குறிப்புகளை நான்கு மொழிகளிலும் எழுதித் தந்த மாணவர்களுக்கும், இரவில் பொருள்களுக்குக் காவல் இருந்த அங்கிள்களுக்கும், நாற்காலி அடுக்கிய தம்பிகளுக்கும் மிக்க நன்றி.

இரவல் தந்த பொருள்களை இந்த வார இறுதியில் வீட்டுக்கே கொண்டுவந்து ஒப்படைக்கிறோம். ஒரு வேண்டுகோள்: 1983 தென்கிழக்காசிய விளையாட்டில் கே. ஜெயமணி மராத்தான் தங்கம் வென்ற நாளில் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த முறை அவருக்குத் தனி மேசை போட வேண்டும்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவின் சார்பில் உங்கள் அண்டைவீட்டார்