ரவைத் தட்டில் ஓர் ‘அ’

தண்டர் பே, கனடா,
பிப்ரவரி 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்ல அப்பா எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பொங்கலுக்கு முன்னாடியே நான் எழுதியிருக்க வேண்டும். கோபமெல்லாம் இல்லை, ராத்திரி உட்கார்ந்தால் கண் சொருகிவிடுகிறது. “நாலு வயசுப் பிள்ளையையும் வீட்டுல அடைச்சு வச்சு என்னத்தப் படிப்புச் சொல்லிக் குடுக்குற”ன்னு கேட்டிருக்கிறாய். தேவாரம் சித்தியும் அதையே கேட்டாளாம். முதலில் அதற்குப் பதில் எழுதுகிறேன்.

இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வருடா வருடம் செப்டம்பர் 1-க்குள் பள்ளி வாரியத்துக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். பெரியவளுக்கும் நடுவுலவனுக்கும் கொடுத்துவிட்டேன். ஆறு வயதில்தான் படிப்பு கட்டாயம் என்பதால் சின்னவனுக்கு அதுவும் தேவைப்படவில்லை. வகுப்பில் ஒரு வருடம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த பெரியவள் இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். அது ஒன்றே எனக்குப் போதும்.

சின்னவன்தான் என்னைப் பாடாய்ப் படுத்தினான். அக்காவும் அண்ணனும் நோட்டை விரித்தால் “எனக்கும் பாடம்” என்று அவர்கள் மேலேயே ஏறி உட்காருவான். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான கிண்டர்கார்டன் பாடப் பெட்டி ஒன்று பழையதாகக் கிடைத்தது. வாரம் 5 நாள் வீதம் 36 வாரப் பாடம். புத்தகத்தில் போட்டிருந்தபடியே அக்டோபரில் தொடங்கினேன். மூன்றாம் வாரம் பென்சிலை விட்டெறிந்துவிட்டு அழுதான். நானும் கத்திவிட்டேன் அம்மா. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய பிள்ளைக்கு எழுதிய பாடத்தை அந்தப் பிஞ்சு விரலிடம் கேட்டது என் தப்பு.

அதற்குப் பிறகு எழுதுகிற தாளையெல்லாம் தனியே எடுத்துக் கட்டிப் பரணில் போட்டேன். தாம்பாளத்தில் ரவையைப் பரப்பிக் கொடுத்தால் விரலால் கோடு இழுக்கிறான், வட்டம் போடுகிறான். சப்பாத்தி மாவு பிசையும்போது அவனுக்கும் ஓர் உருண்டை உண்டு. ஒரு வாரப் பாடத்தை மூன்று வாரத்துக்கு இழுக்கிறேன். எண் இப்போதைக்கு ஐந்து வரைதான். காலையில் முதல் இருபது நிமிடம் அவனுக்கே. அவன் வயிறு நிறைந்த மாதிரி ஆனபிறகு பெரியவர்கள் கணக்கில் உட்காருகிறார்கள், அவனும் தொந்தரவு செய்வதில்லை.

மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக. போன வாரம் ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு பனிக்கட்டியைச் சின்னவன் கிண்ணத்தில் கொண்டுவந்தான். உருகுவதற்கு எத்தனை நிமிடம் என்று நடுவுலவன் கடிகாரம் பார்த்தான். பெரியவள் அதை எழுதினாள். மூன்று பேருக்கும் ஒரே கிண்ணம்தான் பாடம். தம்பிக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவதிலேயே அவளுக்கும் வாசிப்பு சரளமாகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் எனக்குத் தைரியம் சொன்னது. பின்லாந்துக்காரர் வம்சம். அந்த ஊர்க்காரர்கள் இங்கே நிறையப் பேர். அங்கே ஏழு வயதில்தான் பள்ளிக்கூடமாம், “எதுக்கு அவசரம்?” என்று சொல்லிச் சிரிக்கும். மைனஸ் 28 டிகிரியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நீராவி அறையிலிருந்து ஆவி பறக்க வெளியே வந்து பனியில் நிற்கும்! முதல் தடவை பார்த்தபோது பதறிப்போய் ஓடினேன்.

சனிக்கிழமை அந்தப் பாட்டி பின்னல் போட்ட ரொட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தது. பிய்த்தால் ஏலக்காய் வாசனை அம்மா. அவர்கள் வழக்கமே அதுதானாம். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டோரில் நீ ஏலக்காய் தரம் பிரிக்கும்போது சாக்கு மேலே என்னை உட்கார வைத்து, பச்சை தனி, வெடிச்சது தனி என்று பொறுக்க விடுவாயே. அப்போது எனக்கும் நாலு வயதுதானே? நான் எண்ணப் படித்தது அங்கேதான். இப்போது சின்னவன் ராஜ்மாவையும் மொச்சையையும் பிரித்து வைக்கிறான். எனக்கு உன் கை ஞாபகம் வந்துவிடுகிறது. இங்கே காலை ஏழு மணி, அங்கே சாயங்காலம் ஐந்தரை. இந்நேரம் வாசல் தெளித்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டே அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

அது கிடக்கட்டும். அப்பாவின் கண் ஆபரேஷனை மழைக்காலம் வரை தள்ள வேண்டாம். தேனிக்கோ மதுரைக்கோ தம்பியே கூட்டிக்கொண்டு போகட்டும். இந்த மாதப் பணம் கொஞ்சம் தாமதமாகும். என் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. மாமாவிடம் கைமாற்று வாங்காதே. தங்கச்சிக்கு வந்திருக்கிற சின்னமனூர் வரனை அவளிடமே கேட்டுச் செய். மேல்வீட்டுக் கூரை ஓடு மாற்றுவதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லை என்றால் இரண்டு மாதம் பொறு.

சித்தி மகன் மார்ச்சில் டொரோன்டோ வருகிறானாமே. அவனிடம் பாட்டிக்கு ஏலக்காய் கால் கிலோ கொடுத்துவிடு. 8 எம்எம் காய் வேண்டாம், விலை அதிகம். சின்னக்காயே போதும், வாசனை ஒன்றுதான்.

உன் அன்பு மகள்